தரைக்கு வைனலா, மாபிளா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பெரும் மழை பிடிப்பதற்கு முன் தரை வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் மலையகத்தில் வீடு கட்டும் எல்லோருக்கும் உண்டு. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தரையைப் பற்றியவைதான். வீட்டு வேலைகளை மேற்பார்வை செய்து பிழைப்பவன் நான். எந்தக் கடைக்கும் ஆள் பிடிப்பதில்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்கிறேன்.

*தோட்டத்தில் கிடைத்த 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு. வெறும் சிமெந்துத் தரை. மார்கழி, தை மாதங்களில் கால் வைக்க முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. ஹட்டனில் ஒரு கடையில் ‘லக்ஸரி வைனல் டைல்’ காட்டி, தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள். தம்பி மாபிள்தான் (செரமிக் டைல்) நிலைக்கும் என்கிறான். எதைப் போடுவது?*
– ஆசிரியை, கொட்டகலை

டீச்சர், கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. வைனல் என்பது பிளாஸ்டிக். மேலே ஒரு வாளித் தண்ணீர் கொட்டினாலும் ஊறாது. ஆனால் நம் பக்கத்துத் தரைக்குத் தண்ணீர் மேலிருந்து மட்டுமா வருகிறது? சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்னால் நிரப்பி, அதன்மேல்தான் வீடு கட்டுகிறோம். பின்னால் இருக்கும் மேட்டில் இறங்குகிற மழை வீட்டுக்கு அடியால்தான் கீழே போகும். கொங்கிறீட் போடும்போது அடியில் தடித்த பொலித்தீன் விரித்திருந்தால் கவலை குறைவு. விரிக்காத வீட்டில் ஈரம் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருக்கும். வெறும் சிமெந்தாக இருக்கும்வரை அது காற்றில் காய்ந்து போய்விடுவதால் நம் கண்ணில் படாது. மேலே வைனலை ஒட்டி மூடிவிட்டால் அந்த ஈரம் எங்கே போகும்?

டிக்கோயாப் பக்கம் ஒரு வீட்டில் அறை மணக்கிறது என்று கூப்பிட்டார்கள். மேலே பார்த்தால் தேக்குப் பலகை போட்டது போல அத்தனை அழகு. மூலையில் கத்தியை நுழைத்ததும் ஒரு துண்டு முழுசாக எழும்பி வந்துவிட்டது. அடியில் பசை பாகுப் பதத்தில் விரலோடு இழுபட்டது. சுவரோரமாகக் கறுப்புப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் பிள்ளையின் மெத்தை. கொங்கிறீட்டிலிருந்து ஈரத்தோடு சேர்ந்து சிமெந்தின் காரமும் (அல்கலி) மேலே வரும். பசையைக் கெடுப்பது அதுதான். வைனல் துண்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். தெளிவான பொலித்தீனில் ஒன்றரை அடிச் சதுரம் வெட்டி, நான்கு ஓரத்தையும் நல்ல டேப்பால் காற்றுப் புகாமல் தரையோடு ஒட்டுங்கள். ஓர் இரவும் பகலும் அப்படியே விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது உள்பக்கம் நீர் முத்து முத்தாக நின்றாலோ, அந்த இடத்துச் சிமெந்து மட்டும் கறுத்திருந்தாலோ அடியில் ஈரம் இருக்கிறது. மேட்டுப் பக்கச் சுவரோரம் ஒன்று, நடுவீட்டில் ஒன்று, குசினியில் ஒன்று என்று ஒட்டிப் பாருங்கள். வெயில் காலத்தில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகும் ஒருமுறை பாருங்கள்.

ஈரம் தெரிந்தால் தரைக்குச் செலவழிக்கும் பணத்தில் முதல் பங்கு கானுக்குப் போகட்டும். மேட்டுப் பக்கம் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, வீட்டுத் தரை மட்டத்தைவிட ஆழமாகக் கான் வெட்டி, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். மேட்டின் அடியை மட்டும் அரித்துவிடாமல் பார்க்க வேண்டும், மண் சரிந்துவிடும். கூரைக்குப் பீலி இல்லையென்றால் அதையும் போடுங்கள். இதற்குப் பிறகும் ஈரம் நிற்கவில்லையென்றால் உங்கள் தம்பி சொல்வதே சரி. மாபிளும் அதை ஒட்டும் சிமெந்துக் கலவையும் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், வைனல் பசை பொறுக்காது.

காய்ந்த தரை என்றால் அம்மா படுக்கும் அறைக்கும் ஹோலுக்கும் வைனல் போடுங்கள். மாபிள் காலின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். வைனல் அந்த அளவுக்கு இழுக்காது, மிதிக்கவும் சற்று மெத்தென்று இருக்கும். அதற்காக முழங்கால் வலி தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குசினி, குளியலறை, இஸ்தோப்பு மூன்றுக்கும் மாபிள்தான். வழுவழுப்பானது வேண்டவே வேண்டாம். பெட்டியில் ஆர் 10 அல்லது ஆர் 11 என்று போட்ட சொரசொரப்பான வகையைக் கேளுங்கள். இதில் எண் கூடக்கூட வழுக்கல் குறையும்.

இன்னொன்று, மாபிளும் கலவையும் சேர்ந்தால் வைனலைவிட உயரம் கூடுதல். வாசற்படியில் அரை அங்குல மேடு நின்றாலும் அம்மாவின் கால் தட்டும். வேலை தொடங்கும் முன்பே மேசன் பாஸிடம் சொல்லி இரண்டு பக்க மட்டத்தையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

*ஒன்றோடொன்று பூட்டும் வைனல் பலகை வாங்கினோம். அடித்துப் பொருத்தும்போதே ஓரம் உடைகிறது. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா?*
– வாசகர், நுவரெலியா

சரக்கைக் குறை சொல்வதற்கு முன் குளிரைப் பாருங்கள். உங்கள் நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி விடியலில் புல்லில் உறைபனி விழுகிற ஊர். இந்தப் பலகைகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் 18 பாகைக்கு மேல் சூடுள்ள அறையில் போடச் சொல்கிறார்கள். உங்கள் ஊரின் சராசரியே 16 பாகை அளவுதான். குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப்போய், மெல்லிய பூட்டு ஓரம் சுத்தியல் தட்டுக்கே உடையும்.

பெட்டிகளைப் போடப்போகும் அறைக்குள்ளேயே தட்டையாகப் படுக்க வைத்து 48 மணித்தியாலம் விடுங்கள். சன்னல்களை மூடி, மின்சார ஹீற்றர் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கரிச்சட்டியை மட்டும் மூடிய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயு ஆளைக் கொல்லும். வெயில் ஏறிய பிறகு தொடங்கி, பின்னேரம் குளிர் இறங்கும் முன் நிறுத்திவிடுங்கள்.

சுவரோரம் எல்லாப் பக்கமும் 6 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி கட்டாயம் வேண்டும். குளிரில் சுருங்கிய பலகையைச் சுவரோடு இறுக்கிவிட்டால், பெரிய கண்ணாடிச் சன்னலால் மத்தியான வெயில் விழும்போது விரிய இடமில்லாமல் நடுவில் எழும்பும். இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும்.

இத்தனையும் செய்தும் உடைந்தால் தரை மட்டத்தைப் பாருங்கள். 3 மீட்டர் நீளத்துக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருந்தால், மிதிக்கும்போதெல்லாம் பூட்டு வளைந்து வளைந்து கடைசியில் போய்விடும். நேரான அலுமினியச் சட்டத்தைத் தரையில் படுக்க வைத்தால் பள்ளம் கண்ணுக்குத் தெரியும்.

*குசினியில் விறகடுப்புதான். ரோலாக வரும் வைனல் விரிக்கலாமா? மலிவாகக் கிடைக்கிறது.*
– இல்லத்தரசி, மஸ்கெலியா

வேண்டாம் அம்மா. ஒரு தணல் தெறித்தால் ஓட்டை விழும், எரிந்தால் அந்தப் புகை மூச்சுக்குக் கேடு. சிவப்பு கலர் சிமெந்து போட்டு நன்றாகத் தேய்த்து மினுக்கச் சொல்லுங்கள். பொலிஷ் பூசித் தேங்காய் மட்டையால் தேய்த்த தரைகள் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் காலத்தையும் தாண்டி நிற்கின்றன. புதியது என்பதற்காக எல்லாம் நல்லதாகிவிடாது. ஈரக் கொழுந்து நேரத்தில் படங்கும் சேற்றுக் காலுமாக உள்ளே வரும் வீட்டில், அடுப்பைச் சுற்றிப் பொலிஷ் போடாமல் விட்டால் அங்கே வழுக்கல் குறையும்.

*லெமினேட், வைனல், எஸ்.பி.சி. மூன்றும் கடையில் ஒரே மாதிரித் தெரிகிறது. எப்படிப் பிரித்து அறிவது?*
– வாசகர், பதுளை

வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பு நிறத்தில் மரத்தூள் அமுக்கியது போல இருந்தால் லெமினேட். ஓரத்தால் தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. மெல்லியதாய், கையில் வளைந்தால் பசையில் ஒட்டும் வைனல். சாம்பல் நிறத்தில் கல் போல விறைப்பாக இருந்தால் எஸ்.பி.சி. சுண்ணாம்புக் கல் தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து செய்வது அது.

மொத்தத் தடிப்பைச் சொல்லித்தான் பெரும்பாலும் விற்பார்கள். தேய்மானத்தைத் தாங்குவது மேலே இருக்கும், கண்ணாடி போலத் தெளிவான மெல்லிய படலம்தான். படுக்கையறைக்கு 0.3 மில்லிமீட்டர் போதும். வாசலோடு ஒட்டிய ஹோலுக்கு 0.5 கேளுங்கள். இந்த அளவைப் பெட்டியில் காட்டாவிட்டால் வாங்காமல் வாருங்கள்.

*பழைய பங்களாவில் பலகைத் தரை. சில இடங்களில் அமுங்குகிறது. மேலே வைனல் ஒட்டி மூடிவிடலாமா?*
– வாசகர், பண்டாரவளை

மூடுவதற்கு முன் ஒரு பலகையைக் கழற்றி, டோர்ச் அடித்துக் கீழே பாருங்கள். அந்தக் காலத்து வீடுகளில் தரையை மண்ணிலிருந்து உயர்த்தி, வெளிச்சுவரில் காற்றுத் துவாரம் வைத்திருப்பார்கள். பூச்செடிக்கு மண் போட்டும், எலி வருகிறது என்று சிமெந்து பூசியும் பல வீடுகளில் அந்தத் துவாரத்தை அடைத்துவிட்டார்கள். காற்று நின்றால் தூலம் உக்கும், கறையான் ஏறும். பலகை அமுங்குவது அதனால்தான் இருக்கும். மேலே வைனல் ஒட்டினால் இருக்கிற கொஞ்சக் காற்றும் நின்றுபோகும்.

துவாரங்களைத் திறந்துவிடுங்கள். உக்கிய தூலத்தையும் பலகையையும் மட்டும் மாற்றி, மீதியைத் தேய்த்து வார்னிஷ் அடியுங்கள். அப்படியொரு தரையை இன்று புதிதாகப் போடுவதற்கு எவ்வளவு செலவாகும் என்று ஒரு தச்சு பாஸிடம் கேட்டுப் பாருங்கள், மூடும் எண்ணத்தை விட்டுவிடுவீர்கள்.

*வைனல் தரையில் கால்மிதி கிடந்த இடம் மஞ்சளாகிவிட்டது. எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.*
– வாசகி, தலவாக்கலை

கால்மிதியின் அடியில் இறப்பர் இருந்திருக்கும். இறப்பரில் சேர்க்கும் ஒரு பொருள் வைனலுக்குள் இறங்கி நிறத்தை மாற்றிவிடும். அது அழுக்கில்லை, தேய்த்தால் போகாது. அந்தத் துண்டுகளைக் கழற்றி மாற்றுவதுதான் வழி. வாங்கிய நாளில் மிஞ்சிய பெட்டி இருந்தால் தேடி எடுங்கள். பிந்தி வாங்கினால் நிறம் ஒத்துப்போவது கஷ்டம். இனி தும்புக் கால்மிதி அல்லது அடியில் இறப்பர் இல்லாத பருத்தித் துணி விரிப்பைப் போடுங்கள்.