ஒலி முந்துகிறது, ஃபோன் பிந்துகிறது: மூன்று கேமராவில் டிஜே செட் நேரலை

கேள்வி: இரண்டு மிரர்லெஸ் கேமரா, ஒரு ஃபோன், 4 சேனல் மிக்சர், இரண்டு பிளேயர், ஒரு லேப்டாப் வைத்திருக்கிறேன். லேப்டாப்பில் படத்தையும் ஒலியையும் கலந்து நேரலைக்கு அனுப்பும் ஓபிஎஸ் ஸ்டுடியோ மென்பொருள். கேமராக்கள் எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு (கேமராப் படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவரும் கருவி) வழியாக வருகின்றன, ஃபோன் வைஃபை வழியாக. மிக்சரின் மாஸ்டர் அவுட்டைப் பிரித்து லேப்டாப்பின் மைக் துளையில் கொடுத்திருக்கிறேன். இரண்டு மணி நேர செட் ஓட்டிப் பார்த்தேன். கை பட்டனைத் தொடும் முன்பே சத்தம் வந்துவிடுகிறது. ஃபோன் காட்சி இன்னும் மோசமாகப் பிந்துகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் ஒலி கரகரக்கிறது. கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டும் ஸ்விட்சர் கருவி வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: ஸ்விட்சரைப் பிறகு பார்க்கலாம். கரகரப்பை அது தீர்க்காது, ஃபோனின் தாமதத்தையும் தீர்க்காது. ஒலி வரும் வழியை முதலில் சரிசெய்யுங்கள். பிறகு ஒவ்வொரு கேமராவும் எவ்வளவு பிந்துகிறது என்று அளந்து, அந்த அளவுக்கு ஒலியைத் தாமதப்படுத்துங்கள். இந்த வரிசை மாறினால் ஒவ்வொரு செட்டிலும் புதிதாகத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மைக் துளையை விட்டு வெளியே வாருங்கள்

லேப்டாப்பின் மைக் துளை சில மில்லிவோல்ட் சிக்னலை எதிர்பார்ப்பது. மிக்சரின் லைன் அவுட் தருவதோ ஆர்சிஏ இணைப்பி என்றால் சுமார் 0.3 வோல்ட், எக்ஸ்எல்ஆர் இணைப்பி என்றால் 1.2 வோல்ட்டைத் தாண்டும். அதோடு பெரும்பாலான லேப்டாப்பில் அந்தத் துளை மோனோ. தொடக்கத்தில் அடக்கமாக வாசிக்கும்போது எப்படியோ தப்பிக்கும். செட் சூடேறி மாஸ்டர் குமிழ் மெல்ல மேலே போனதும் உடைகிறது. உங்கள் "ஒரு மணி நேரம்" என்பது பெரும்பாலும் இதுதான். ஓபிஎஸ் ஸ்லைடரைக் குறைத்தால் மீட்டர் இறங்கும், கரகரப்பு இறங்காது. உடைப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது.

மிக்சரின் பின்புறம் ரெக் அவுட் (பதிவுக்கான தனி வெளியீடு) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கிருந்து இரண்டு ஆர்சிஏ கேபிள், லைன் இன்புட் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அங்கிருந்து லேப்டாப். ரெக் அவுட்டின் அளவை மாஸ்டர் குமிழ் மாற்றாது. அறையில் சத்தத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் நேரலைக்குப் போவது அப்படியே இருக்கும். மிக்சரிலேயே யுஎஸ்பி சவுண்ட் கார்டு இருந்தால் இன்டர்ஃபேஸ்கூட வேண்டாம், ஒரே கேபிள் போதும். ஆனால் மிக்சரின் செட்டிங் மென்பொருளில் யுஎஸ்பி வழியே எது போகிறது என்று பார்த்து ரெக் அவுட்டைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஒற்றைச் சேனல் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

செட்டிலேயே உரத்த டிராக்கைப் போட்டு, உச்சம் -10 முதல் -6 டெசிபலுக்குள் நிற்கும்படி இன்டர்ஃபேஸின் கெயினை (உள்வரும் ஒலியின் அளவை) வையுங்கள். ஓபிஎஸ் மீட்டர் -9க்கு மேலே போனாலே சிவப்பு காட்டும். அது பேச்சை மனதில் வைத்துப் போட்ட நிறம், பயப்பட வேண்டாம். உண்மையில் உடைவது 0வில். அதற்குக் காவலாக அந்த ஒலி சோர்ஸில் உச்சத்தை அடக்கும் லிமிட்டர் ஃபில்டர் போட்டு த்ரெஷோல்டை (அடக்கத் தொடங்கும் அளவை) -1க்கு மாற்றுங்கள். அது தானாகவே -6ல் இருக்கும், அப்படியே விட்டால் கிக் டிரம்மின் அடி தட்டையாகிவிடும்.

உரத்த இடத்தில் மட்டும் வராமல், அமைதியான பகுதியிலும் "டிக் டிக்" என்று வந்தால் அது வேறு நோய். ஓபிஎஸ், விண்டோஸ், இன்டர்ஃபேஸ் மூன்றும் ஒரே சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற எண்) இருக்கின்றனவா பாருங்கள். ஒன்று 44.1, இன்னொன்று 48 கிலோஹெர்ட்ஸ் என்று இருந்தால் இப்படித்தான் வரும். மூன்றையும் 48ல் வையுங்கள். ஆடியோ பிட்ரேட் (விநாடிக்கு அனுப்பும் தரவு) ஓபிஎஸ்ஸில் இயல்பாக 160 கேபிபிஎஸ். நேரலைத் தளமான ட்விட்ச் பரிந்துரைக்கும் உச்சமும் அதுதான்.

கேப்சர் கார்டு வழியே வரும் கேமரா மைக்குகளையும் ஃபோன் மைக்கையும் ஒவ்வொன்றாக மியூட் செய்யுங்கள். ஒன்றை மறந்தாலும் கிக் இரட்டையாக, குழாய்க்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். கூட்டத்தின் ஆரவாரம் வேண்டுமென்றால் அதற்கென ஒரு மைக் வையுங்கள். மிக்சர் ஒலியைவிட 15 முதல் 20 டெசிபல் கீழே, தாழ்ந்த அதிர்வெண்களை ஈக்வலைசரில் வெட்டிவிட்டு. ஸ்பீக்கரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கும் மைக்குக்கு ஒலி போய்ச் சேர 9 மில்லி விநாடி ஆகும். அந்த இடைவெளியோடு பாஸ் கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

தாமதத்தை அளப்பது

ஒலி கேபிளில் வந்து சேர்வது கிட்டத்தட்ட உடனே. படமோ கேமராவுக்குள், கேப்சர் கார்டுக்குள், ஓபிஎஸ்ஸுக்குள் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒன்றிரண்டு ஃபிரேம் தங்கி வருகிறது. அதனால்தான் விரல் தொடும் முன்பே சத்தம். தொலைக்காட்சித் துறைக்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் (ஐடியூ) வகுத்த அளவுகோலின்படி, ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரியும்; பிந்துவது 125 வரை தெரியாது. ஆகவே சந்தேகம் இருந்தால் ஒலியைச் சற்றுப் பிந்த விடுங்கள்.

கை தட்டிப் பார்க்கும் வழக்கமான சோதனை இங்கே உதவாது. கைதட்டல் மிக்சர் கேபிளில் வராது. பதிலாக இப்படிச் செய்யுங்கள். ஒரு டிராக்கில் கிக் தொடங்கும் அந்தப் புள்ளியிலேயே க்யூ (பட்டனைத் தட்டினால் ஒலி தொடங்கும் இடம்) வையுங்கள். மூன்று கேமராவையும் க்யூ பட்டனை நோக்கித் திருப்பி, மூன்றும் ஒரே திரையில் பக்கம் பக்கமாகத் தெரியும்படி ஓபிஎஸ்ஸில் ஒரு சீன் (திரை அமைப்பு) அமையுங்கள். நேரலை வேண்டாம், ரெக்கார்ட் மட்டும் போடுங்கள். விரலை நன்றாகத் தூக்கி, பட்டனைப் பத்து முறை தட்டுங்கள். அந்தக் கோப்பை டாவின்சி ரிசால்வ் போன்ற எடிட்டரில் திறந்து, ஒலி அலை எழும் ஃபிரேமிலிருந்து விரல் பட்டனில் படியும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 33 மில்லி விநாடி. பத்துத் தட்டலிலும் ஒரே எண் வருகிறதா என்பது முக்கியம்.

எடுத்துக்காட்டாக, இரண்டு கேமராவும் 3 ஃபிரேம், ஃபோன் 8 ஃபிரேம் பிந்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதாவது 100, 267 மில்லி விநாடி. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வேண்டுமென்றால் மெதுவான கேமராதான் வேகத்தைத் தீர்மானிக்கும். இரண்டு கேமரா சோர்ஸிலும் படத்தைத் தாமதப்படுத்தும் ரெண்டர் டிலே ஃபில்டர் போட்டு 167 கொடுங்கள். அது 500 வரை ஏற்கும். பிறகு அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸில் மிக்சர் ஒலியின் சிங்க் ஆஃப்செட்டை (ஒலித் தாமதத்தை) 267 ஆக்குங்கள். ஆரவார மைக் இருந்தால் அதற்கும் அதே 267. மீண்டும் பத்துத் தட்டல் ரெக்கார்ட் செய்து சரிபாருங்கள்.

ஆனால் இதைவிட எளிய வழி இருக்கிறது, எங்கள் ஓட்டு அதற்குத்தான். வைஃபையில் வரும் ஃபோனின் தாமதம் நிலையாக நிற்பதில்லை. பத்துத் தட்டலில் 6 முதல் 11 ஃபிரேம் வரை அலைந்தால் எந்த எண்ணைக் கொடுத்தாலும் பொய்தான். முதலில் ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து மறுபடி அளந்து பாருங்கள். அப்படியும் பிந்தினால் அதைக் கைகளைக் காட்டும் வேலையிலிருந்து எடுத்துவிட்டு, தூரத்துக் காட்சிக்கோ கூட்டத்தைக் காட்டவோ வையுங்கள். ஐந்து மீட்டர் தள்ளித் தெரியும் விரலில் ஐந்து ஃபிரேம் பிசகை யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஒலிக்கு 100 மட்டும் கொடுத்தால் போதும், ரெண்டர் டிலேயே வேண்டாம்.

அளக்கும் முன் ஒவ்வொரு வீடியோ கேப்சர் சோர்ஸிலும் பஃபரிங்கை (படத்தைத் தேக்கிவைத்து அனுப்புவதை) டிசேபிள் செய்யுங்கள். கேமரா ஃபிரேம் ரேட்டை மாற்றினாலும், கார்டை மாற்றினாலும் பழைய எண் செல்லாது. எண்களை ஒரு டேப்பில் எழுதிக் கார்டின் மேலேயே ஒட்டிவைப்பது நல்லது.

ஸ்விட்சர் எப்போது?

எச்டிஎம்ஐ கேமரா மூன்று, நான்கு ஆகும்போது. ஏடிஇஎம் மினி போன்ற ஸ்விட்சர் நான்கு எச்டிஎம்ஐ உள்ளீட்டையும் ஒரே ஃபிரேம் தாளத்துக்குக் கொண்டுவந்து, லேப்டாப்புக்கு ஒரே வெப்கேம்போல ஒற்றை யுஎஸ்பி கேபிளில் கொடுக்கும். லேப்டாப்பின் சுமை நன்றாகவே குறையும். சுருக்காத 1080பி படம் விநாடிக்கு 30 ஃபிரேமில் சுமார் 1 ஜிகாபிட், 60ல் 2 ஜிகாபிட். யுஎஸ்பி 2.0 தாங்குவது 480 மெகாபிட்தான். உங்கள் இரண்டு கார்டும் யுஎஸ்பி 3.0 என்றால், ஒரே ஹப்பில் திணிக்காமல் லேப்டாப்பின் தனித்தனிப் போர்ட்டில் செருகுங்கள். இரண்டு கேமராவுக்கு அது போதும். மலிவான யுஎஸ்பி 2.0 கார்டு படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். சிவப்பு, நீல விளக்கொளியில் விளிம்புகள் கரைந்து தெரிவது அதனால்தான்.

கேமராவில் எதுவும் ஆட்டோ வேண்டாம்

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இருந்தால் விளக்கு நிறம் மாறும்போதெல்லாம் முகத்தின் நிறமும் மாறும். ஆட்டோ ஃபோகஸ் இருந்தால் மேலிருந்து எடுக்கும் கேமரா, கை குறுக்கே வரும்போதெல்லாம் தடுமாறும். எக்ஸ்போஷர், ஃபோகஸ், நிறம் மூன்றையும் பூட்டுங்கள். எல்லாக் கேமராவும் ஒரே ஃபிரேம் ரேட். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஷட்டர் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. அப்படியும் பிளேயர் திரையிலோ எல்இடி விளக்கிலோ பட்டைகள் ஓடினால் ஷட்டரைச் சிறிது சிறிதாக மாற்றிப் பாருங்கள். எச்டிஎம்ஐ வெளியீட்டில் பேட்டரிக் குறி போன்றவை இல்லாத சுத்தமான படம் வருகிறதா, ஆட்டோ பவர் ஆஃப் அணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு டம்மி பேட்டரி (மின்இணைப்பில் ஓட வைக்கும் போலி பேட்டரி) இல்லாமல் இறங்காதீர்கள்.

மேல் கேமராவின் தாங்கியை டெக் (பிளேயர்) மேசையில் மாட்டாதீர்கள். பாஸ் அடிக்கும்போது மேசை நடுங்கும், படம் ஜெல்லிபோல நெளியும். தனி ஸ்டாண்ட், காலில் மணல் மூட்டை, கேமராவுக்கு ஒரு பாதுகாப்புக் கயிறு. படத்தை ஓபிஎஸ்ஸில் திருப்பி, டிஜேயின் கண்ணுக்குத் தெரிவதுபோலவே இடது டெக் இடப்பக்கம் வரும்படி வையுங்கள். லேசர் இருந்தால் அதன் கதிர் எந்த லென்ஸிலும் நேராக விழக்கூடாது, சென்சார் கருகிவிடும்.

இணையம்

கேபிள் இணைப்பு. அறை நிறைய ஃபோன்கள் இருக்கும்போது வைஃபையை நம்ப முடியாது. 1080பி 60 ஃபிரேமுக்கு ட்விட்ச் சொல்லும் 6000 கேபிபிஎஸ் அனுப்ப, அப்லோடு குறைந்தது 12 எம்பிபிஎஸ்ஸாவது நிலையாக வேண்டும். கீஃபிரேம் (முழுப் படமாக அனுப்பும் ஃபிரேம்) இடைவெளி 2 விநாடி. புகை, ஸ்ட்ரோப் இரண்டும் பிட்ரேட்டை விழுங்கும். அவை அதிகம் என்றால் 720பிக்கு இறங்குங்கள், படம் சிறியதானாலும் சிதறாது.

படம் திக்கினால் ஓபிஎஸ்ஸின் ஸ்டேட்ஸ் பலகையைத் திறங்கள். ரெண்டரிங் லேக் என்ற எண் ஏறினால் கிராஃபிக்ஸ் கார்டு திணறுகிறது. என்கோடிங் லேக் என்றால் படத்தைச் சுருக்கும் என்கோடர் திணறுகிறது, ஹார்ட்வேர் என்கோடருக்கு மாறுங்கள். நெட்வொர்க் எண் ஏறினால் மட்டுமே இணையம். முதல் இரண்டுக்கும் இணைய நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை.

வெட்டு எங்கே விழ வேண்டும்

நடன இசையில் பெரும்பாலும் 32 தாள அடிக்கு ஒருமுறை ஏதாவது மாறும். 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 அடி) அது 15 விநாடி. அந்த முதல் அடியில் கோணத்தை மாற்றினால் வெட்டே இசையின் பகுதியாகத் தெரியும். மிக்ஸ் நடக்கும்போது மேல் கேமராவிலேயே இருங்கள், பார்க்க வருபவர்கள் அதற்குத்தான் வருகிறார்கள். ஓபிஎஸ்ஸில் சீன் மாற்றுபவர் அறை ஒலியைக் கேட்டுத் தட்டினால் ஒரு சிக்கல்: நேரலையில் ஒலி 100 மில்லி விநாடி பிந்தி வருவதால் வெட்டு அந்த அளவு முந்திவிடும். ஒரு இழை தாமதித்துத் தட்டப் பழக வேண்டும். உதவிக்கு ஆள் இல்லையென்றால் அட்வான்ஸ்டு சீன் ஸ்விட்சர் என்ற செருகுநிரலில் நேரம் குறித்துத் தானாக மாற்றலாம். உயிர் கொஞ்சம் குறையும்.

உரிமைச் சிக்கலையும் இப்போதே கவனியுங்கள். யூடியூப் நேரலையையும் ஸ்கேன் செய்யும். பிறர் பாடல் சிக்கினால் படத்துக்குப் பதில் ஒரு நிலைப்படம் வரலாம், நேரலையே நிற்கலாம். ட்விட்ச்சில் 2024ல் வந்த டிஜே திட்டம் பெரிய இசை நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டது. ஆனால் அது நேரலைக்கு மட்டும், பதிவாகச் சேமித்து வைப்பதற்கு அல்ல.

உண்மையான செட்டுக்கு முன், முழு இரண்டு மணி நேரமும் எல்லா விளக்கோடும் லேப்டாப்பிலேயே ரெக்கார்ட் செய்யுங்கள். க்யூ தட்டலை ஐந்தாம் நிமிடத்தில் ஒருமுறை, கடைசி ஐந்து நிமிடத்தில் ஒருமுறை. இரண்டு இடத்திலும் ஃபிரேம் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் ஒளிபரப்பலாம். கடைசியில் மட்டும் நகர்ந்திருந்தால் சாம்பிள் ரேட்டுக்குத் திரும்பிப் போங்கள்.