கபடி ஆடும் பையனுக்குக் குறட்டை: மெஷின் வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. விளையாட்டு விடுதியில் தங்கிக் கபடி ஆடுகிறான். ஓராண்டாகப் பயங்கரக் குறட்டை. வாயைத் திறந்தபடிதான் தூங்குகிறான். காலையில் தலைவலி, ஆட்டத்தின் இரண்டாவது பாதியில் சோர்ந்துபோகிறான். பயிற்சியாளர் வாயில் டேப் ஒட்டச் சொல்கிறார். தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்து இலவசமாகத் தூக்கப் பரிசோதனை செய்துவிட்டு, ‘ஆக்சிஜன் குறைகிறது, தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் மெஷினை உடனே வாங்குங்கள்’ என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள் அம்மா. டேப்பும் வேண்டாம். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும். டான்சில் பெருத்தோ மூக்கு அடைத்தோ இருந்தால் மூச்சு போகும் வழி இன்னும் குறுகும், அதுதான் குறட்டை. சிலருக்குப் பத்து நொடி, அதற்கு மேலும் மூச்சே நின்றுவிடும். ஆக்சிஜன் இறங்கியதும் மூளை உசுப்பிவிடும். பையனுக்கு எதுவும் நினைவிருக்காது. ஆனால் ஆழ்ந்த தூக்கம் துண்டு துண்டாகிவிடும். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது அந்தத் தூக்கத்தில்தான். உடம்பு தேறாது, சுதாரிப்பும் மந்தமாகும். ரெய்டு போகிறவன் ஒரு கணம் பிந்தினால் கணுக்காலில் பிடி விழுந்துவிடும்.

கபடிப் பிள்ளைகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, மூக்கில் எப்போதாவது முட்டியோ முழங்கையோ பட்டதா என்பது. ரத்தம் நின்றதும் மறந்துவிடுவார்கள். உள்ளே நடுச்சுவர் வளைந்தது வளைந்தபடி இருக்கும். அந்த மூக்கை வைத்துக்கொண்டு வாயையும் ஒட்டிவிட்டால் பையன் எதனால் மூச்சு விடுவான்?

மெஷின் கெட்டதல்ல, தேவைப்படுகிறவர்களுக்கு அது வரம். ஆனால் இலவசமாகச் சோதிக்கிறவருக்கு மெஷின் விற்றால்தான் காசு. வீட்டில் கட்டிவிட்டுப் போகும் சின்னக் கருவி பெரியவர்களுக்கானது. வளரும் பிள்ளைக்கு, மருத்துவமனையில் ஓர் இரவு தங்கி மூளை அலையையும் மூச்சையும் சேர்த்துப் பதியும் சோதனைதான் கணக்கு. அவர் கொடுத்த தாளில் மருத்துவர் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். டான்சில்தான் காரணமென்றால் அதை எடுத்ததுமே பலருக்குச் சரியாகிவிடும்.

சளி மாத்திரை விஷயத்தில் கவனம். மூக்கடைப்புக்குக் கடையில் தரும் சில மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். போட்டி நேரத்தில் சிறுநீரில் அது மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஊக்கமருந்துக் குற்றம். ‘போட்டி நேரம்’ முந்தைய இரவு 11.59-க்கே தொடங்கிவிடுகிறது. ஸ்டீராய்டு மாத்திரைக்கும் ஊசிக்கும் போட்டி நேரத்தில் தடை. அதே ஸ்டீராய்டை மருத்துவர் சொன்ன அளவில் மூக்கில் ஸ்ப்ரேயாக அடித்தால் தடையில்லை. அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்துக்கும் தடையில்லை, ஆனால் ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். மெடிக்கல் கடைக்காரர் இதையெல்லாம் சொல்லமாட்டார். ‘கபடி ஆடுகிறான், நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) சோதனை வரலாம்’ என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லி, சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒரே கூடத்தில் இருபது பேர், பதினொரு மணிவரை விளக்கு, ஐந்து மணிக்கு விசில் என்றால் எங்கிருந்து வரும்? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களை இரவு பத்து மணி நேரம் படுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வில், ஓட்ட நேரம் 16.2 நொடியிலிருந்து 15.5-க்கு இறங்கியது. இங்கே தகுதிச் சான்றிதழில் உயரம், எடை, ரத்த அழுத்தம் எல்லாம் எழுதுகிறோம். தூக்கத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. புரதப் பொடி டப்பாவுக்கு மட்டும் சிபாரிசு தாராளம்!

பையன் விடுமுறைக்கு வந்ததும், நள்ளிரவுக்குமேல் அவன் தூங்குவதைச் செல்போனில் ஐந்து நிமிடம் படம் பிடியுங்கள். சட்டையைக் கழற்றிவிட்டால் நெஞ்சு ஏறி இறங்குவது தெரியும். குறட்டை சட்டென்று நின்று, பிறகு திணறி மூச்சு இழுக்கிறானா என்று கவனியுங்கள். அந்தப் படத்தோடு அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஈஎன்டி பிரிவுக்குப் போங்கள். காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்கிவிடுங்கள்.