திருவாதிரையில் நீராவியா?

வணக்கம் ஐயா,
மார்கழியில் நீங்கள் எழுதியதில் திருவாதிரை நட்சத்திரத்தைச் சுற்றி நீராவி இருப்பதாக ஒரு வரி வருகிறது. 3,000 டிகிரிக்கு மேல் தகிக்கிற இடத்தில் தண்ணீர் மூலக்கூறு எப்படிங்க பிய்ந்துபோகாமல் இருக்கும்? அச்சுப்பிழையா?
ஒரு வாசகர், பவானி

அன்புள்ள நண்பருக்கு,

அச்சுப்பிழை இல்லைங்க. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி, திருவாதிரையுடையது 3,300 பக்கம்தான். நட்சத்திரக் கணக்கில் அது ஆறிய சோறு. இவ்வளவு ஏன், சூரியனிலேயே கரும்புள்ளிகளில் (மேற்பரப்பில் சூடு குறைந்து கறுப்பாகத் தெரியும் திட்டுகள்) நீராவி இருப்பதை 1995இல் கண்டுபிடித்தார்கள்.

திருவாதிரை வயதாகி ஊதிப்போன ராட்சசன். சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். இவ்வளவு ஊதினால் விளிம்பில் ஈர்ப்பின் பிடி தளர்ந்துவிடும், வாயு கிளம்பி வெளியே போய்க்கொண்டே இருக்கும், போகப்போக ஆறும். ஆறுகிற வாயுவில் அணுக்கள் ஜோடி சேரும். கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த கார்பன் மோனாக்சைடுதான் இருப்பதிலேயே கெட்டியான ஜோடி, சூட்டுக்கு லேசில் பிரியாது. இங்கே கார்பனைவிட ஆக்சிஜன் அதிகம், அதனால் கார்பன் தீர்ந்த பிறகும் ஆக்சிஜன் மிஞ்சும். அது ஹைட்ரஜனோடு சேர்ந்தால் உங்கள் நீராவி, சிலிக்கனோடு சேர்ந்தால் சிலிக்கன் மோனாக்சைடு. இன்னும் தள்ளிப்போய் ஆறும்போது அதிலிருந்துதான் மணல் வகைத் தூசு உறைகிறது.

கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் நின்றிருப்பீர்களே, கொதிக்கிற பாகை ஒட்டி ஒன்றும் தெரியாது, ஒரு முழம் மேலே போனபிறகுதான் வெள்ளையாகப் புகைமூட்டம் கட்டும். தூசு உறைவது அந்த மாதிரி. (உவமை பாதிதான் சரி. கொப்பரையில் மூலக்கூறு முதலிலேயே இருக்கிறது, அங்கே அதுவே வழியில்தான் உருவாகிறது.)

2019 கடைசியில் திருவாதிரை மங்க ஆரம்பித்து, 2020 பிப்ரவரியில் ரொம்பவே மங்கியதே, வெடிக்கப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு நாள் குறித்தார்களே, நினைவிருக்கிறதா? அது பெரும்பாலும் இந்தச் சமாச்சாரம்தான். ஒரு பெரிய வாயுக் கட்டி வெளியே வந்து, ஆறி, தூசாகி, நாம் பார்க்கிற பக்கத்தை மறைத்துவிட்டது. ஏப்ரலில் பழையபடி ஆகிவிட்டது.

அப்புறம், இந்த வாயுவைப் பார்க்கச் சாதாரண தொலைநோக்கி பத்தாது. கார்பன் மோனாக்சைடு 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் வானொலி அலையாகச் சத்தம் போடும், அதைக் கேட்கத்தான் சிலியின் பாலைவனத்தில் ஆல்மா என்று 66 தட்டு ஆன்டெனாக்களை வைத்திருக்கிறார்கள். சிரியஸ் இருக்கிற பெருநாய் மண்டலத்தில் விஒய் கேனிஸ் மேஜரிஸ் என்று ஒரு நட்சத்திரம் உண்டு, இந்த விஷயத்தில் திருவாதிரைக்கே அண்ணன். வருஷத்துக்கு 30 பூமி எடை அளவுக்கு வாயுவும் தூசும் கக்குகிறது. அது வெறும் கண்ணுக்குத் தெரியாது, மொட்டைமாடியில் தேடிக் கழுத்து வலி வாங்கிக்கொள்ளாதீர்கள்.