வாசகர் கேள்வி – பதில்: புரட்டாசி, ஐப்பசியில் வரும் பறவைகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வலசைப் பறவைகளைப் பற்றியவை. அவற்றுள் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்டோபர் தொடக்கத்தில் ஒரு விடியற்காலையில் எங்கள் வீட்டு மாடிப்படியருகே பச்சை, நீலம், சிவப்பு எனப் பல வண்ணங்கள் கொண்ட, வாலே இல்லாததுபோன்ற ஒரு பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தது. யாரோ வளர்த்த கிளியினம் தப்பி வந்துவிட்டதென்று அக்கம்பக்கத்தார் கூறினர். அது என்ன பறவை? (சென்னை வாசகி)

பதில்: நீங்கள் கண்டது ஆறுமணிக்குருவி. கண்ணை ஒட்டிய அகலமான கரும்பட்டையும், வயிற்றின் அடிப்பகுதியில் சிவப்பும், சிறகில் பளிச்சிடும் நீலமும், கட்டையான வாலும் கொண்ட பறவை இங்கே வேறில்லை. காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணி அளவில் இரண்டு சுரத்தில் சீழ்க்கையடிப்பதால் தமிழில் இப்பெயர் அமைந்தது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடுகட்டி, குஞ்சுகளை வளர்த்து முடித்தபின், செப்டம்பர் இறுதியிலிருந்து தெற்கே இறங்கித் தமிழகம், கேரளம், இலங்கை வரை பரவி, ஏப்ரல், மே மாதங்களில் திரும்பிச் செல்லும்.

காட்டுத் தரையில் சருகைப் புரட்டிப் புழுபூச்சி தின்னும் இப்பறவை இரவில் பறந்து வலசை வருகிறது. நகரத்தின் மேல் வரும்போது விளக்கொளியில் திசை தடுமாறியும், களைத்தும், கண்ணாடியில் மோதியும் வீட்டு முற்றத்திலும் மாடிப்படியிலும் விழுகிறது. சென்னையில் அக்டோபர் மாதத்தில் இது நிகழாத ஆண்டே இல்லை என்னும் அளவுக்கு வழக்கமானது.

இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்துப் பறவையை உள்ளே வைத்து, இருட்டான, அமைதியான அறையில் விட்டுவிடுங்கள். அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறும் பாலும் அதற்கு உணவல்ல. மாலை மங்கும் நேரத்தில் புதரும் மரமும் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்து வைத்தால், அடிபடாத பறவை தானே வெளியேறிவிடும். சிறகு தொங்கினால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். அழகாக இருக்கிறதென்று கூண்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடிதத்தில் எழுத விட்டுப்போயிருக்கலாம். ஆனால் நீங்கள் கண்ட நாளைக் குறித்து வைத்திருக்கிறீர்களா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி.

கேள்வி: ஆகஸ்ட் மாத நடுவில் உப்பளப் பாத்திகளில் செங்கல் நிறத்தில் சில உள்ளான்களை (சேற்றில் இரைதேடும் சிறு கரைப்பறவைகள்) கண்டேன். வலசைப் பறவைகள் குளிர்காலத்தில்தானே வரும்? (வேதாரண்யம், பள்ளி ஆசிரியர்)

பதில்: குளிருக்கு அஞ்சித்தான் பறவைகள் புறப்படுகின்றன என்ற எண்ணத்திலிருந்து எழும் கேள்வி இது. வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியில் கோடை மிகக் குறுகியது. நீங்கள் கண்டவை, அலகு கீழ்நோக்கி வளைந்திருந்தால், வளைமூக்கு உள்ளான்களாக இருக்க வேண்டும். ஜூன் மாதத்தில் அங்கே சென்று இணைசேரும் இவற்றில் ஆண் பறவை அடைகாப்பதில்லை. ஆகவே ஜூலைத் தொடக்கத்திலேயே ஆண்கள் தெற்கே கிளம்பிவிடுகின்றன. குஞ்சுகள் ஓரளவு வளர்ந்ததும் பெண்கள் புறப்படுகின்றன. அவ்வாண்டுப் பிறந்த இளம் பறவைகள் எல்லாவற்றுக்கும் பின்னால், வழிகாட்டப் பெற்றோர் எவரும் இன்றி, ஏறக்குறைய 7,000 கிலோமீட்டரைக் கடந்து வருகின்றன. ஐம்பது, அறுபது கிராம் எடையுள்ள ஓர் உயிர் இதைச் செய்கிறது என்பதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

ஆகஸ்டில் முதலில் வந்து சேரும் முதிர்ந்த பறவைகளின் உடலில் இனப்பெருக்ககாலச் செந்நிறம் இன்னும் உதிராமல் இருக்கும். அக்டோபருக்குள் அவை மேலே சாம்பலும் கீழே வெண்மையுமாக மாறிவிடுவதால், புரட்டாசிக்குப் பிறகு உப்பளத்துக்குப் போகிறவர் கண்ணுக்கு எல்லா உள்ளான்களும் ஒன்றுபோலத் தெரிகின்றன. இளம் பறவைகளில் பல மறுகோடையில் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடுவதும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. இவற்றை 'வெளிநாட்டு விருந்தாளிகள்' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. ஆண்டில் இரண்டு மாத அளவே சைபீரியாவில் இருந்து, எஞ்சிய காலத்தின் பெரும்பகுதியைக் கோடியக்கரைச் சேற்றில் கழிக்கும் பறவைக்கு இந்தச் சேறும் சொந்த ஊர்தான். விருந்தாளி என்று சொல்லிவிட்டால், உப்பளத்தின் ஆழமற்ற நீரையும் கடலோரச் சதுப்பையும் அழித்தாலும் அவை வேறிடம் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு எளிதில் வந்துவிடுகிறது.

கேள்வி: வேடந்தாங்கலுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து பறவைகள் வருகின்றன என்று சிறுவயது முதல் கேட்டு வருகிறேன். அது உண்மையா? (மதுராந்தகம்)

பதில்: இல்லை. வேடந்தாங்கல் ஏரி நடுவே நீரில் நிற்கும் மரங்களில் கூடுகட்டும் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், வெள்ளை அரிவாள்மூக்கன் ஆகிய அனைத்தும் நம் நாட்டுப் பறவைகள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும் அவை பிற நீர்நிலைகளிலிருந்து வந்து கூடி, குஞ்சுகள் பறந்ததும் கலைந்துவிடுகின்றன. வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் பறவை எதுவும் இங்கே கூடு கட்டுவதில்லை; அதன் கூடு வடக்கேதான். கூடும் குஞ்சும் கண்டால் அது நம்மூர்ப் பறவை என்று தயங்காமல் கூறலாம். அதே ஏரியின் நீர்ப்பரப்பில் மிதக்கும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் உண்மையான வலசைப் பறவைகள். மரத்தின் மேலேயே பார்வை நிலைத்துவிடுவதால் பலர் அவற்றைக் கவனிப்பதில்லை.

கோடியக்கரையிலும் பள்ளிக்கரணையிலும் காணும் பூநாரைகளைப் பற்றியும் இதே கதை வழங்குகிறது. இந்தியாவில் பூநாரைகள் பெருந்திரளாகக் கூடுகட்டும் இடம் குஜராத்தின் கட்ச் ரண் உவர்நிலம்.

கேள்வி: உலகில் மிக அரிதான கரண்டிமூக்கு உள்ளானை எங்கள் ஊர்க் கழிமுகத்தில் பார்த்ததாக நம்புகிறேன். படம் எடுக்க முடியவில்லை. இதை எப்படி உறுதிசெய்வது? (இராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: உங்கள் மகிழ்ச்சியைக் குலைக்க மனமில்லை, ஆயினும் இதில் கண்டிப்பாகவே இருக்க வேண்டியுள்ளது. ரஷ்யாவின் வடகிழக்குக் கடலோரத்தில் மட்டுமே கூடுகட்டும் இப்பறவையில் முதிர்ந்தவை இன்று சில நூறு மட்டுமே எஞ்சியுள்ளன. அவை குளிர்காலத்தைப் பெரும்பாலும் மியான்மர், வங்கதேசம், தாய்லாந்துக் கடற்கரைகளில் கழிக்கின்றன. கோடியக்கரையில் முற்காலத்துப் பதிவுகள் உள்ளன. ஆகவே இங்கே வரவே வராது என்று எவரும் கூற முடியாது.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றை நீக்கிக்கொள்வோம். கரண்டிவாயன் என்பது கொக்கைவிடப் பெரிய வெண்ணிறப் பறவை. நம் ஏரிகளில் சாதாரணமாகக் காணலாம். கரண்டிமூக்கு உள்ளானோ சிட்டுக்குருவி அளவே இருக்கும். கொசு உள்ளான் கூட்டத்தில் கலந்து நின்றால் பிரித்தறிவது கடினம். அலகின் கரண்டி வடிவம் பக்கவாட்டில் பார்க்கும்போது தெரியாது. நேர் எதிரே நின்றோ, பறவை தலையைத் திருப்பும்போதோதான் புலப்படும். சேறு அப்பிய அலகுடன் நிற்கும் கொசு உள்ளான், தேர்ந்த கண்களையும் ஏமாற்றிவிடும். ஆகவே அலகைவிட இரைதேடும் முறையை நான் பெரிதும் நம்புவேன். கொசு உள்ளான் ஓடி ஓடிக் கொத்தும்; கரண்டிமூக்கு உள்ளான் ஆழமற்ற நீரில் அலகை அமிழ்த்தி இடமும் வலமும் அசைத்தபடி நடக்கும். நீங்கள் பார்த்த பறவை எப்படி இரைதேடியது என்பதை இன்றே, நினைவு மங்கும் முன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேரம், அலையேற்றமா இறக்கமா, உடன் நின்ற பறவைகள் எவை, எவ்வளவு தொலைவு, வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தது என்பனவும் தேவை. தொடர்ந்து அதே இடத்துக்குச் சென்று பாருங்கள். ஆனால் படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடாதீர்கள். நெடுந்தொலைவு பறந்து எடையிழந்து வந்த பறவைக்கு, அலையிறக்க நேரத்தில் இரைதேடக் கிடைக்கும் சில மணி நேரமே வாழ்வாதாரம்.

படமில்லாத பதிவை அரிய பறவைகளின் பட்டியலில் சேர்க்க இயலாது என்பது வருத்தமளிக்கலாம். ஆனால் அன்று உங்கள் கழிமுகத்தில் எத்தனை கொசு உள்ளான்கள், எத்தனை பவளக்காலிகள் நின்றன என்ற எண்ணிக்கை உங்களிடம் இருந்தால், அதைப் பறவை நோக்குவோர் தம் குறிப்புகளைச் சேர்க்கும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவுசெய்யுங்கள். ஓர் அரிய பறவை ஒருமுறை வந்ததைக் காட்டிலும், சாதாரணப் பறவை ஒன்று பத்து ஆண்டுகளாக எந்த நாளில் வந்தது, எத்தனை வந்தது என்ற குறிப்பையே நான் உயர்வாக மதிக்கிறேன். பறவைகள் குறைகின்றனவா, வருகை தள்ளிப்போகிறதா என்பதை அதிலிருந்துதான் அறிய முடியும்.

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் எங்கள் தோட்டத்து ஓடையருகே ஒரு சாம்பல் வாலாட்டி வருகிறது. அதே பறவைதானா? (கோத்தகிரி)

பதில்: அதே பறவையாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. குளிர்காலத்தில் வாலாட்டி தனக்கென ஓர் ஓடைக்கரையை எல்லையாக வகுத்து, பிற வாலாட்டிகளை விரட்டும். உயிருடன் இருந்தால் மறு ஆண்டும் அங்கேயே திரும்புவது வழக்கம். காலில் வளையம் இருந்தால் மட்டுமே ஐயமின்றிக் கூற முடியும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இடும் வளையத்தில் அதன் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். தொலைநோக்கியில் எண் தெரிந்தால் எழுதுங்கள்; தெரியாவிட்டாலும், இந்த ஆண்டு அது முதலில் வந்த தேதியைத் தவறாமல் அனுப்புங்கள்.