ஆர்வம் மனிதனுக்கு வரமா, சாபமா? வரம் என்றால் கதைகளில் ஆர்வப்பட்டவர்கள் ஏன் அழிகிறார்கள்?

பண்டோரா, நீலத்தாடிக்காரனின் மனைவி, நம்ம ஊர் குந்தி என்று மூன்று பேரை உதாரணம் காட்டி, "எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் கஷ்டப்படுகிறார்களே, அப்படியானால் ஆர்வம் கெட்டதுதானா" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, உங்கள் மேல் இல்லை, அந்தக் கதைகளை நமக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தின் மேல். மூன்று பேருமே பெண்கள், கவனித்தீர்களா?

அதே பட்டியலில் நசிகேதனைச் சேர்த்துப் பாருங்கள். கடோபநிடதத்தில் வரும் சின்னப் பையன். அப்பா யாகத்தில் பால் வற்றிப்போன கிழட்டு மாடுகளைத் தானம் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, "என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்" என்று விடாமல் மூன்று தடவை கேட்கிறான். எரிச்சலில் அவர் "எமனுக்கு" என்று சொல்லிவிட, பையன் நேராக எமன் வீட்டுக்குப் போய் மூன்று ராத்திரி பட்டினியாகக் காத்திருக்கிறான். மூன்று வரம் கிடைக்கிறது, மூன்றாவதாக, செத்த பிறகு மனிதன் இருக்கிறானா இல்லையா என்று கேட்கிறான். யானை தருகிறேன், குதிரை தருகிறேன், நீண்ட ஆயுளும் பேரன் பேத்திகளும் தருகிறேன், இதை மட்டும் கேட்காதே என்று எமனே கெஞ்சாத குறை. பையன் அசையவில்லை. கடைசியில் எமன் என்ன சொல்கிறான் தெரியுமா, உன்னைப் போலக் கேட்கிறவன் எங்களுக்குக் கிடைக்கட்டும் என்கிறான். சாவின் ரகசியத்தையே நோண்டியவனுக்குப் பாராட்டு, ஒரு மந்திரம் வேலை செய்யுமா என்று பார்த்தவளுக்கு ஆயுள் முழுக்க அழுகை. அதனால், ஆர்வப்பட்டால் அழிவு என்று கதைகள் பொதுவாகச் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு கதையிலும் எட்டிப் பார்த்தது யார், அதற்கு விலை கொடுத்தது யார் என்று தனித்தனியாகப் பார்க்கணும்.

பண்டோராவைச் சீக்கிரம் முடித்துவிடலாம், திறக்கக்கூடாததைத் திறந்து உலகத்தின் துன்பங்களையெல்லாம் வெளியே விட்டவள் என்று கிரேக்கக் கதை சொல்லும் பெண். ஹெசியோட் என்ற கவிஞர் எழுதிய பழைய கிரேக்க வடிவத்தில் அவள் ஆர்வத்தால் திறந்தாள் என்று இல்லவே இல்லை, ஜாடியின் மூடியை எடுத்தாள் என்றுதான் இருக்கிறது. ஆர்வக்கோளாறு பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தது. ஜாடி பெட்டியாக மாறியதே 16-ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற அறிஞர் எழுதியதற்குப் பிறகுதான்.

நீலத்தாடிக்காரன் கதை இன்னும் மோசம். 1697-இல் ஷார்ல் பெரோ பிரெஞ்சில் வெளியிட்டது. வீட்டுச் சாவி எல்லாவற்றையும் மனைவியிடம் கொடுத்து, இந்த ஒரு அறையை மட்டும் திறக்காதே என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போகிறான். அவள் திறக்கிறாள். உள்ளே அவனுடைய முந்தைய மனைவிகளின் பிணங்கள். கதையின் கடைசியில் பெரோ, ஆர்வம் கவர்ச்சியானது ஆனால் அதற்காக வருந்த வேண்டியிருக்கும் என்று நீதி வேறு எழுதிவைத்தார். கொஞ்சம் யோசியுங்கள், அவள் திறக்காமல் இருந்திருந்தால்? கொலைகாரன் கூடவே குடும்பம் நடத்தி ஒருநாள் அதே அறைக்குள் போயிருப்பாள். திறந்ததால்தான் கத்திக் கூப்பிடத் தெரிந்தது, அண்ணன்மார் வந்தார்கள், பிழைத்தாள், அவன் சொத்தும் அவளுக்கு வந்தது. கதை ஒன்றைச் சொல்கிறது, நீதி இன்னொன்றைச் சொல்கிறது. நான் கதையைத்தான் நம்புவேன்.

குந்திதான் என்னை ரொம்பப் படுத்துகிறாள். துர்வாசருக்குப் பணிவிடை செய்ததற்குக் கூலியாக மந்திரம் கிடைக்கிறது, எந்தத் தேவனை நினைத்தாலும் வருவான், பிள்ளை கொடுப்பான். கல்யாணம் ஆகாத சின்னப் பெண்ணுக்கு ஏன் இந்த மந்திரம் என்று அவர் விளக்கவில்லை, அவளும் கேட்க முடியாது, அந்த முனிவரின் கோபம் ஊருக்கே தெரியும். சரி, கையில் ஒன்று கிடைத்திருக்கிறது, அது வேலை செய்யுமா? நீங்களும் நானும் என்றால் என்ன செய்திருப்போம்? சூரியனைப் பார்க்கிறாள், சொல்லிப் பார்க்கிறாள், அவன் வந்து நிற்கிறான். போய்விடு, தெரியாமல் கூப்பிட்டுவிட்டேன் என்று அவள் கெஞ்சுகிறாள், வந்தவன் சும்மா போகமாட்டேன் என்கிறான். எனக்கு இந்த இடம்தான் கதையின் மையம். அவள் ஆர்வம் சூரியன் வந்ததோடு முடிந்துவிட்டது. மந்திரம் வேலை செய்கிறது, பதில் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம், விடமாட்டேன் என்ற ஒருவனாலும், யாரிடமும் சொல்ல முடியாத வீட்டாலும் நடந்தது. பெட்டியில் குழந்தையை வைத்து ஆற்றில் விட்டதற்குக் காரணம் பயம். அதை ஆர்வத்தின் கணக்கில் எழுதுவது நியாயமே இல்லை.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். நிஜ மனிதர்களிடம் ஆர்வம் எப்படி வேலை செய்கிறது என்பதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1994-இல் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் சொன்னது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது: தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி கண்ணில் படும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது. ஒன்றுமே தெரியாத விஷயத்தில் ஆர்வம் வராது, முழுசாகத் தெரிந்ததிலும் வராது. 2009-இல் பொது அறிவுக் கேள்விகளை வைத்து நடத்திய மூளை ஸ்கேன் சோதனையிலும், பதில் தெரிந்த மாதிரியும் தெரியாத மாதிரியும் இருந்தவர்களுக்குத்தான் ஆர்வம் உச்சத்தில் இருந்தது. வள்ளுவர் இதைக் கொண்டுபோய்க் காமத்துப்பாலில் வைத்திருக்கிறார், படிக்கப் படிக்க முன்பு தெரியாதிருந்தது தெரிவது போல, சேரச் சேர அவள் மேல் ஆசை என்று. கற்பதை விளக்க ஆசையை உவமை காட்டாமல், ஆசையை விளக்கக் கற்பதை உவமை காட்டியது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

எங்கள் ஊர் ஊட்டிப் பக்கம் முத்தோரை பாலாடா. கேரட் கழுவுகிற ஷெட்டில் கணக்குப் பார்க்கிறேன். ராத்திரி கழுவி மூட்டை பிடித்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிவிடுவோம். லோடு எடுத்துப்போகிற தம்பி ஒருவர் வண்டி ஓட்டும்போது போனில் கொலைக் கதை கேட்பார், குன்னூர் தாண்டிப் பர்லியாறு இறங்கும் வளைவுகளில் சிக்னல் போய்விடும், கதை பாதியில் நின்றுவிடும். ஒருநாள் திரும்பி வந்து டீயை வாங்கிக்கொண்டு, "அக்கா, அந்த வாத்தியார்தானே கொன்னது? நீங்க படிச்சிருப்பீங்கல்ல?" என்றார். ஏன் வாத்தியார் என்று கேட்டேன். அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் கதையில் அப்படி அப்படியே இருந்தன, செருப்பில் ஒட்டியிருந்த செம்மண் உட்பட. சிக்னல் போன நேரம் முழுக்க மனசுக்குள் அதையே ஓட்டியிருக்கிறார். ஒழுங்காக ஓடியிருந்தால் அந்தச் செம்மண் அவர் காதில் விழுந்திருக்குமா என்றே சந்தேகம்.

இதற்கும் ஒரு சோதனை உண்டு. 2014-இல் வெளியான ஆய்வு. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கும் சில விநாடிகளில் சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தைக் காட்டினார்கள். கேள்வியில் ஆர்வமாக இருந்தவர்களுக்கு அந்த முகமும் பின்னால் நன்றாக ஞாபகம் இருந்தது. எழுதுகிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது. யார் கொன்றது என்று வாசகர் துடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் மழையைச் சொன்னால் மழை நிற்கும், தேயிலைத் தோட்டத்தைச் சொன்னால் தோட்டம் நிற்கும். அதையே முதல் பக்கத்தில் சொல்லிப் பாருங்கள், புரட்டிக்கொண்டு போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் வர்ணனைக்கு இடம் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில்தான்.

அப்புறம் என் மகள் கேட்ட ஒரு கேள்வியையும் சொல்லணும். எங்கள் ஊர்ச் சரிவில் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 பெரிய சட்டங்கள், நீளவாக்கில் 1100 மெல்லிய எஃகுக் கம்பிகள். கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானியின் தலைமையில் கட்டி 1970-இல் இயங்க ஆரம்பித்தது. அவள் கேட்டது, "அம்மா, அதை ஏன் சரிவுல சாய்ச்சுக் கட்டிருக்காங்க?" ஷெட்டில் இருந்த பெரியவர், "இங்க சமதரை எங்க இருக்கு கண்ணு" என்றார். நீலகிரியில் யாரும் சொல்லக்கூடிய நியாயமான பதில்தான். ஆனால் உண்மைப் பதில் அதைவிட அழகு. அந்தச் சரிவு சுமார் 11 டிகிரி, இந்த இடத்தின் அட்சரேகையும் சுமார் 11 டிகிரி. அதனால் தெற்கு வடக்காகப் படுத்திருக்கும் தொலைநோக்கியின் நீள அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது, அந்த ஓர் அச்சில் மட்டும் திருப்பிக்கொண்டே போனால் வானத்தில் ஒரே இடத்தை ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். அப்படி ஒரு சரிவு வேண்டும் என்று தேடிவந்து இங்கே கட்டியிருக்கிறார்கள்.

அது முதலில் செய்த வேலையைக் கேட்டால் இன்னும் பிடிக்கும். வானத்தில் எங்கோ தூரத்திலிருந்து ரேடியோ அலை வருகிறது, அனுப்புகிற பொருள் எவ்வளவு பெரியது என்று தெரியாது. நிலா நகர்ந்து அதை மறைக்கும்வரை காத்திருந்தார்கள். மறையும்போது சிக்னல் எப்படிக் குறைகிறது, வெளியே வரும்போது எப்படி ஏறுகிறது என்பதை வைத்து அதன் இருப்பிடத்தையும் வடிவத்தையும் கணக்கிட்டார்கள். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை அளந்தார்கள். பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா, பெருவெடிப்பில் தொடங்கி மாறிக்கொண்டு வந்ததா என்று அப்போது பெரிய வாதம் நடந்துகொண்டிருந்தது, 1975-இல் வந்த ஊட்டி முடிவுகள் பெருவெடிப்புப் பக்கம் சாட்சி சொல்லின. இதை மகளிடம் சொன்னபோது அவள் கேட்டது, "நிலா மறைக்காத பக்கத்துல இருக்கறத என்ன பண்ணுவாங்க?" சரியான கேள்வி. நிலா போகும் பாதைக்கு வெளியே இருப்பவற்றுக்கு இந்த வழி உதவாது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, உங்கள் கேள்வியில் இருக்கும் பயத்தையும் நான் தள்ளிவிட முடியாது. இதே மலையில் அதற்கும் உதாரணம் இருக்கிறது. ஊட்டிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் சிலர் இங்குள்ள தோடர் பழங்குடியினரின் மந்துக்கு, அதாவது அவர்கள் குடியிருப்புக்குப் போய், அந்த வளைந்த கூரை வீட்டின் குட்டி வாசலில் தலையை நுழைத்து, உள்ளே ஆள் இருக்க இருக்கப் படம் எடுப்பார்கள். கேட்டால் "சும்மா, ஆர்வம்" என்பார்கள். உங்கள் வீட்டு வாசலில் யாராவது இப்படித் தலையை நீட்டினால் விடுவீர்களா?

1901-இல் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் தோடர்களைப் பற்றி ஆராய இங்கே வந்து சில மாதங்கள் தங்கினார், 1906-இல் வெளியான அவர் புத்தகம் மானுடவியலில் மிகப் பெரிய பெயர் பெற்றது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போன ஆள் இல்லை அவர். அந்தப் புத்தகத்திலேயே அவர் ஒன்றை எழுதியிருக்கிறார். புனித இடத்தைக் காட்டியவர் ஒருவர் நோயில் விழுந்தார், சடங்கைக் காட்ட அழைத்துப்போன இன்னொருவரின் மனைவி இறந்தார், துணையாக இருந்த வேறொருவர் பிள்ளையை இழந்தார். வெளியாளிடம் ரகசியம் சொன்னதால் தெய்வங்களுக்குக் கோபம் என்று குறி சொல்பவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு அவருக்கு ரகசியம் சொல்ல ஆள் வரவில்லை.

தெய்வக் கோபமா, தற்செயலா என்பது இங்கே முக்கியம் இல்லை. சொன்னவர்கள் அப்படித்தான் நம்பினார்கள், அந்த நம்பிக்கையோடுதான் துக்கம் காத்தார்கள். பண்டோரா கதையில் திறந்தவளே பழியைச் சுமக்கிறாள். இங்கே கேட்டவருக்குப் புத்தகம் கிடைத்தது, சொன்னவர்கள் வீட்டில் சாவு விழுந்தது. ஆர்வம் சாபமாகிறது என்றால் எனக்கு அது இப்படித்தான் தெரிகிறது, விலை அடுத்தவர் தலையில் விழும்போது.

1930-களில் எமனோ என்ற மொழியியலாளர் வந்தார். அவர் தோடர் மொழியையே படித்து, அவர்கள் பாட்டுகளை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியெடுத்து, 1971-இல் பெரிய தொகுப்பாகக் கொண்டுவந்தார். அவர் வேலையைப் படிக்கும்போது எனக்கு இவ்வளவு உறுத்தல் இல்லை, பாடியவர்கள் என்ன கொடுத்தோம் என்று தெரிந்தே கொடுத்த மாதிரி இருக்கிறது.

நீங்கள் கதை எழுதுகிறவர் என்று உங்கள் கேள்வியின் கடைசி வரியில் சொல்லியிருந்தீர்கள். அப்படியானால் ஆர்வத்தைப் பற்றி எழுத, அறையைத் திறந்தவளை மறுபடி தண்டிக்க வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய ஆகிவிட்டது. ரிவர்ஸைச் சடங்குக்குக் கூட்டிப்போனவர் இருக்கிறாரே, அவரை எழுதுங்கள். எதற்காக ஒத்துக்கொண்டார், காசுக்கா, மரியாதைக்கா, தன் ஜனங்களின் விஷயம் எங்காவது எழுத்தில் இருக்கட்டும் என்றா? மனைவி போன பிறகு மந்தில் இருந்தவர்கள் அவரிடம் என்ன பேசினார்கள்? அடுத்த முறை வெள்ளைக்காரர் வந்து கூப்பிட்டபோது அவர் என்ன சொல்லி அனுப்பினார்? இதையெல்லாம் தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசை, யாராவது எழுதினால் அன்றைக்கே வாங்கிப் படிப்பேன்.