வாங்கிய பிரிண்டரின் ஹெட் அடைத்துக்கொண்டால் கடைக்காரர் பொறுப்பாளியா?

வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் ஐந்து பக்கங்களில் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது. தம் தந்தையார் நல்லூர்த் திருவிழாக்களில் எடுத்த பழைய படங்களை ஏ2 அளவில் வீட்டிலேயே அச்சிட விரும்பி, காலி வீதியிலுள்ள ஒரு கடையில் ஜனவரி 16 ஆம் திகதி 585,000 ரூபாவுக்கு 17 அங்குல, பத்து வண்ண நிறமி மை பிரிண்டர் ஒன்றை வாங்கினார். முதல் நாளே மை கால்வாசிக்கு மேல் இறங்கிவிட்டது. பெப்ரவரியில் உறவினர் ஒருவரின் மரணத்துக்காக யாழ்ப்பாணம் சென்று, அந்தியேட்டி முடித்து ஐந்து வாரங்களின் பின் திரும்பியபோது, படங்களில் நீலமும் சாம்பலும் வரிவரியாக விடுபட்டன. ஹெட் (மையைத் தாளில் தெளிக்கும் பகுதி) அடைப்பு உத்தரவாதத்தில் சேராது என்று கடைக்காரர் மறுத்துவிட்டார். விற்பனையாளர், வாசகரின் மனைவியின் முன்னிலையில் அவரது வயதைச் சொல்லி அவமதித்தார். பிறகு கடை உரிமையாளர் 430,000 ரூபாவுக்கு இயந்திரத்தைத் திரும்ப எடுக்க முன்வந்தார், வாசகர் மறுத்துவிட்டார். முழுப் பணமும், மைக்கும் தாளுக்கும் செலவான தொகையும், மனவேதனைக்கு நட்டஈடும் கிடைக்குமா என்பது அவரது கேள்வி.

ஐயா, உங்கள் கடிதத்தில் வழக்குக்குப் பயன்படும் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை நான்காம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வாங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, "மாதத்துக்கு ஒன்றிரண்டு படங்கள்தான் அடிப்பேன், ஏ2 அளவு வேண்டும், எது பொருத்தம்?" என்று கடைக்கு வட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறீர்கள். "இது உங்களுக்கு நல்லாப் பொருந்தும் ஐயா, பராமரிப்பு ஒன்றும் இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. மற்ற நான்கரைப் பக்கங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு இந்த இரண்டு வரிகளைப் பற்றி மட்டும் பேசுவோம்.

விற்பனையாளரின் பேச்சு வருத்தத்துக்குரியதுதான், ஆனால் அது வழக்கில் இல்லை. ஒப்பந்த மீறலுக்கு மனவேதனை நட்டஈடு எமது நீதிமன்றங்களில் பொதுவாகக் கிடைப்பதில்லை. முதல் நாளில் மை இறங்கியதும் குறைபாடு அல்ல; இவ்வகை இயந்திரங்கள் முதன்முறை இயங்கும்போது குழாய்களையும் ஹெட்டையும் நிரப்பிக்கொள்கின்றன, அந்த மை அங்கேயே நிற்கிறது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று, பொருள் விற்பனைக்குகந்த தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. அந்த வழியில் நீங்கள் தோற்பீர்கள், ஏனெனில் உங்கள் இயந்திரம் பழுதான இயந்திரம் அல்ல. நிறமி மையில் வண்ணத்துகள்கள் நீரில் கரையாமல் மிதக்கின்றன. வாரக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் அவை முடியிலும் நுண்ணிய துளைகளில் காய்ந்து அடைப்பது இவ்வகை அச்சுப்பொறிகளின் இயல்பு. நாள்தோறும் அச்சிடும் படக்கூடத்துக்கு அதே இயந்திரம் ஆண்டுக்கணக்கில் சிறப்பாக உழைக்கும். "பழுதான சாமானை விற்றார்கள்" என்று நீங்கள் முறையிட்டால், எதிர்த்தரப்பு ஒரு தொழில்நுட்பவியலாளரை அழைத்து அரை மணி நேரத்தில் அதை முடித்துவைக்கும்.

இரண்டாவது வழிதான் உங்களுடையது. வாங்குபவர் தம் குறிப்பான தேவையை விற்பவருக்குத் தெரிவித்து, அவரது அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது உட்கிடையான நிபந்தனையாகிறது. படம் அச்சிடுவது பொதுவான தேவை. அரிதாக, மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் படம் அச்சிடுவதுதான் உங்கள் குறிப்பான தேவை. அதை நீங்கள் எழுத்தில் தெரிவித்தீர்கள், அவர்களும் எழுத்தில் ஏற்றார்கள். கடைத்தரப்பு உடனே அதே பிரிவின் காப்பு வாசகத்தைக் காட்டும்: வணிகப் பெயர் குறிப்பிட்டு விற்ற பொருளுக்கு இந்த நிபந்தனை இல்லை, சிட்டையில் இருப்பது மாதிரியின் பெயர் மட்டுமே. இதற்கு விடை 1925 இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் போல்ட்ரி எதிர் மார்ஷல் வழக்கில் அளித்த தீர்ப்பில் இருக்கிறது. சுற்றுலாவுக்கு ஏற்ற, வசதியான கார் வேண்டும் என்று கேட்டவருக்கு விற்பவர் புகாட்டியைப் பரிந்துரைத்தார். வண்டி அதற்கு ஏற்றதாக இருக்கவில்லை. ஒப்பந்தத்தில் புகாட்டி என்ற பெயர் இருந்தது என்பதற்காக விற்பவர் தப்ப முடியாது, வாங்கியவர் அவரது தெரிவையே நம்பினார் என்று தீர்ந்தது. எமது கட்டளைச் சட்டம், அந்த வழக்கில் பொருத்தப்பட்ட அதே ஆங்கிலச் சட்டத்தின் வழிவந்தது. ஆகவே கடைக்குப் போகுமுன் அந்த மாதிரியைத் தெரிவுசெய்தவர் யார் என்பதே உங்கள் முழு வழக்கும். இணையத்தில் பார்த்து நீங்களே பெயர் சொல்லிக் கேட்ட வேறொரு வட்ஸ்அப் செய்தி இருக்குமானால் இப்போதே என்னிடம் சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் அது வெளிவருவதைக் காட்டிலும் இது மேல். அந்தத் தொலைபேசியை மாற்றவோ மீளமைக்கவோ வேண்டாம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி அந்தச் செய்திகள் சாட்சியமாக ஏற்கத்தக்கவை. ஆனால் அவை இருந்தால்தான் ஏற்க முடியும்.

இனி உங்களை நினைத்து எனக்குக் கவலை தரும் பகுதி. நல்ல வழக்கோடு வந்த கட்சிக்காரர்கள் பலர் தோற்றது சட்டத்தால் அல்ல, முறைப்பாட்டுக்கும் விசாரணைக்கும் இடையில் தம் கையாலேயே செய்த காரியங்களால்.

கொட்டாஞ்சேனையில் படக்கூடம் வைத்திருந்த ஒருவர் இதேபோன்ற இயந்திரத்தைக் கடைக்கே அனுப்பினார். "சேவிஸ் செய்து தருகிறோம்" என்றார்கள். இயந்திரத்தை எடுக்க வந்த பையன் நீட்டிய மஞ்சள் நிறச் சீட்டில் அவர் கையெழுத்திட்டார். சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழ்ப்பகுதியில், பென்சிலால் எழுதியதுபோல் மங்கிய கார்பன் எழுத்தில், அடைப்புக்குக் காரணம் பாவனையாளரின் கவனயீனம் என்று ஏற்கெனவே நிரப்பியிருந்தது. அதை நான் முதன்முதலில் பார்த்தது விசாரணை மேசையில், எதிர்த்தரப்புக் கோப்பில். அதற்குப் பின் நான் பேசுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. எனவே இயந்திரம் உங்கள் வீட்டை விட்டு வெளியேறுவதானால், சீட்டின் ஒவ்வொரு வரியும் உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசிக்கப்பட்டு, "காரணம் ஏற்கப்படவில்லை, என் உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று நீங்கள் கைப்பட எழுதிய பின்னரே வெளியேற வேண்டும். அதற்கு முன் நொசில் (மைத்துளை) பரிசோதனைத் தாள் ஒன்றை அச்சிட்டு, திகதியிட்டு, இயந்திரத்தின் தொடரிலக்கத்தோடு சேர்த்துப் படமெடுத்து வைத்துவிடுங்கள்.

அந்தத் தாளுடன் அச்சிடுவதை நிறுத்துங்கள். குறையைக் கண்ட பின்னும் நான்கு தடவை பலத்த சுத்திகரிப்பு ஓட்டியதாகவும், "ஓரளவு சரியானதால்" மருமகளின் பிறந்தநாளுக்குப் படம் அடித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் அது பொருளை ஏற்றுக்கொண்டவரின் நடத்தை. நியாயமான காலத்துக்குள் நிராகரிக்காமல் வைத்திருப்பவரும், உரிமையாளரைப்போல் பாவிப்பவரும் பொருளை ஏற்றவராகக் கருதப்படுவார். ஏற்ற பின் திருப்பிக் கொடுத்து முழுப்பணம் கேட்கும் உரிமை போய், நட்டஈட்டு உரிமை மட்டுமே எஞ்சும். புறக்கோட்டையில் மலிவாக வாங்கிய மாற்று மைப் பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை என்கிறீர்கள். பிரிக்காதீர்கள். அந்த மை ஒரு துளி உள்ளே போனால், ஐந்து வாரம் மை காய்ந்ததால் வந்த அடைப்பா, அந்நிய மையால் வந்த அடைப்பா என்பதை எந்த நிபுணராலும் பிரித்துச் சொல்ல முடியாது; சந்தேகத்தின் பலன் உங்களுக்கு வராது.

இன்னொரு கேள்வியை அவர்கள் நிச்சயம் கேட்பார்கள்: யாழ்ப்பாணம் போகும்போது இயந்திரத்தை அதன் பொத்தானால் நிறுத்தினீர்களா, சுவர் ஆளியால் நிறுத்தினீர்களா? பொத்தானால் நிறுத்தினால் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். இயங்கும் நடுவில் மின்சாரத்தைத் துண்டித்தால் ஹெட் திறந்தபடியே நின்று காயும். நினைவுபடுத்தி, உண்மையை எனக்கு எழுதுங்கள்.

இனித் திகதி. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, உட்கிடையாகவோ வேறுவிதமாகவோ தரப்பட்ட உத்தரவாதத்துக்கு இணங்காத விற்பனையை விசாரித்து, பணத்தை மீளச் செலுத்தவோ பொருளை மாற்றித் தரவோ நட்டஈடு வழங்கவோ கட்டளையிடும் அதிகாரத்தை அச்சபைக்குத் தருகிறது. ஆனால் முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். குறையைக் கண்ட நாளிலிருந்து அல்ல, விற்பனை நாளிலிருந்து. அதிகாரசபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லிவிட்டேன் என்கிறீர்கள். தொலைபேசி அழைப்பு எழுத்து முறைப்பாடு ஆகாது. உங்கள் காலம் ஏப்ரல் நடுப்பகுதியில் முடிகிறது, அதற்கு முந்திய நாட்களைச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை எடுத்துக்கொள்கிறது. கடைசி வாரத்தை நம்பாமல், இந்த வாரமே நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். "பேசித் தீர்ப்போம் ஐயா, புத்தாண்டு முடியட்டும்" என்று கடைக்காரர் அன்பாகச் சொன்னாலும் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டே பேசுங்கள். இந்த வார்த்தையை நம்பிக் காலம் தவறியவர்களை ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் சந்திக்கிறேன்.

காலம் தவறினாலும் நீதிமன்ற வழி மூடுவதில்லை; எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு, வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டு உண்டு. ஆனால் அந்த வழியில் முதலில் ஒருவேளை மத்தியஸ்த சபை, பிறகு வழக்கு, நிபுணர் கட்டணம், தவணைக்கு மேல் தவணை. உங்கள் வயதில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். ஐந்து வாரம் ஓட்டாமல் விட்டது, சுத்திகரிப்பு, பிறந்தநாள் படங்கள் ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால் முழுத் தொகையைப் பெறுவீர்கள் என்று என்னால் கூற முடியாது. முறைப்பாட்டின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு 520,000 கேளுங்கள். 480,000 வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 430,000 அவர்கள் முதலில் சொன்ன தொகை என்பதால், அதற்குக் கீழே அவர்கள் போகமாட்டார்கள் என்று எண்ண வேண்டாம். அதிகாரசபைக்கான காலம் கடந்த மறுநாள் அந்தத் தொகையும் மறைந்துவிடக்கூடும். காசோலை மாறும் வரை முறைப்பாட்டை மீளப் பெறாதீர்கள். "முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு" என்ற பத்திரத்தில் பணம் கணக்குக்கு வந்த பின்னரே கையெழுத்திடுங்கள். முகநூலில் கடையின் பெயரைப் போட்டு எழுத மகன் துடிப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவரைத் தடுங்கள், அவதூறு வழக்கொன்றைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் நல்ல விலைக்குச் சமரசம் பேச முடியாது.

அந்தப் பணத்தில் மறுபடி ஒன்று வாங்குவீர்கள் என்று கடைசிப் பக்கம் சொல்கிறது. எப்சன் பி900 ஆகட்டும், கெனன் ப்ரோ 1000 ஆகட்டும், 17 அங்குல நிறமி மை இயந்திரங்கள் எல்லாம் அடிக்கடி ஓட வேண்டியவை. வாரத்துக்கு ஒரு படமாவது அடிக்க உங்களால் முடியாவிட்டால், தந்தையாரின் படங்களை நல்ல கூடமொன்றில் கொடுத்து ஏ2 அளவில் அச்சிடுவதே சிக்கனம். வாங்கியே தீருவதென்றால், எத்தனை நாளுக்கு ஒருமுறை அச்சிடுவீர்கள், எவ்வளவு தடித்த தாளில், வீட்டில் எத்தனை வாரம் ஆளில்லாமல் இருக்கும் என்பவற்றை எழுதி அனுப்பி, அடைப்பு உத்தரவாதத்தில் சேருமா என்ற பதிலையும் எழுத்தில் பெற்று, அதைச் சிட்டையோடு ஒரே உறையில் வையுங்கள். முறைப்பாட்டின் வரைவை எனக்கு அனுப்புங்கள். வட்ஸ்அப் வரிகள் முதல் பந்தியிலேயே வர வேண்டும், விற்பனையாளரின் பேச்சு எங்குமே வரக்கூடாது.