வீடு ஏலத்துக்குப் போகாமல் அரசு காப்பாற்றக் கூடாதா?

கேள்வி: கணவருக்குப் பனியன் கம்பெனியில் வேலை குறைந்துவிட்டது. நான்கு மாதமாக வீட்டுக்கடன் தவணை கட்டவில்லை. 60 நாளில் மொத்தக் கடனையும் கட்டச் சொல்லி வங்கி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் விட்டுக்கொடுக்கிறார்கள். எங்களுக்கு அரசு உதவக் கூடாதா?
– வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு கம்பெனி நொடித்தால், வரவேண்டியதில் பெரும்பகுதியை வங்கிகள் விட்டுக்கொடுத்துக் கணக்கை முடிக்க 2016-இல் வந்த திவால் சட்டத்தில் வழி உண்டு. அதே சட்டத்தில் தனிநபர்களுக்கென எழுதிய பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019-இல் அமலுக்கு வந்தது. உங்கள் மேல் பாய்வது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். வழக்குப் போடாமலே வங்கி வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம்.

அதற்காகக் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தவணை கட்டுகிறவரும் வாடகைக்குக் குடியிருப்பவரும் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்கள் வரிப்பணத்தில்தான் அது போகும். அரசு தர வேண்டியது அவகாசம். வருமானம் குறைந்ததற்கு ஆதாரம் காட்டினால் ஓராண்டு ஏலத்தை நிறுத்திவைக்கட்டும், கடன் காலத்தை நீட்டச் சொல்லட்டும். முடியாத காரியமில்லை. 2020-இல் கொரோனா வந்தபோது மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்ததே! (வட்டி என்னவோ ஏறிக்கொண்டுதான் இருந்தது. 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களில் அந்த ஆறு மாத வட்டிக்கு வட்டியை மட்டும் அரசு பிறகு ஏற்றது.) ஊருக்கே கஷ்டம் வந்தபோது கொடுத்ததை, ஒரு குடும்பத்துக்கு வரும்போதும் கொடுக்கலாம் என்பதே என் கட்சி.

சரி, அரசு யோசித்து முடிக்கும் வரை உங்கள் 60 நாள் காத்திருக்காது. நோட்டீஸுக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுங்கள்; அதை ஏற்காவிட்டால் 15 நாளுக்குள் வங்கி காரணம் சொல்லியாக வேண்டும். சம்பளம் குறைந்ததற்கான சான்றை இணைத்து, தவணையை மாற்றியமைத்துத் தரும்படியும் அதிலேயே கேளுங்கள். இதுவரை கட்டாத தவணைப் பாக்கி முழுவதையும் கட்டினால் உங்கள் கடன் கணக்கு வாராக்கடன் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிடும். ஆனால் அதற்காகக் கந்து வட்டிக்காரரிடம் மட்டும் போகாதீர்கள். வங்கி வீட்டைக் கையகப்படுத்திவிட்டால், 45 நாளுக்குள் கோவையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுகலாம்.

எப்படியும் கட்ட முடியாது என்று தெரிந்தால், வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்கி நீங்களே வீட்டை விற்றுவிடுங்கள். ஏலத்தில் போவதைவிடப் பெரும்பாலும் நல்ல விலை கிடைக்கும், கடன் போக மிச்சமும் கையில் நிற்கும்.